‘எனினும்’ இல்லாத பட்டியல்: ஆதிச் சமணத்தின் இல்லறத்தாரும் நாமும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் பஞ்சாலைத் தொழிலாளி. நம் வாசிப்பு வட்டத்தில் அயோத்திதாசரைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் ஒரு கேள்வி கேட்டார். “பௌத்தமும் சமணமும் நம்ம மதம்னு சொல்றோம். சரி. அதுல நம்ம ஆளு சாமியாரா இருந்தானா, சம்சாரியா இருந்தானா?” நம் கரிசல் மண்ணில் சம்சாரி என்றால் குடும்பம் நடத்துகிறவர், நிலம் வைத்து உழுகிறவர் என்றும் பொருள். இரண்டு பொருளிலும்தான் அவர் கேட்டார். அன்றைக்கு நம்மில் யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. இந்த உரை அந்தப் பதிலைத் தேடுகிறது.

பௌத்தத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று சமணத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பாண்டிய நாட்டில் சமணத்தின் சான்று பாறையில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். அந்தப் பாறைகளில் துறவிகளின் பெயரோடு இல்லறத்தாரின் பெயரும் இருக்கிறது. நாம் தேடுவது அவர்களைத்தான்.

துறவிக்குச் சோறு போட்டவர்கள்

மகாவீரரின் மரபு தன் சங்கத்தை நான்கு பிரிவாக வகுத்தது: ஆண் துறவி, பெண் துறவி, சாவகர், சாவகியர். சாவகர் என்றால் கேட்பவர். அறத்தைக் கேட்டு, வீட்டில் இருந்தபடி இயன்ற அளவு கடைப்பிடிப்பவர். இல்லறத்தாரைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே சேர்த்துக்கொண்ட ஏற்பாடு இது.

இதற்குப் பொருளியல் காரணமும் உண்டு. சமணத் துறவி சமைக்கக் கூடாது, பொருள் சேர்க்கக் கூடாது. மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்காமல் ஓரிடத்தில் தங்க வேண்டும். அப்படியானால் சோறும் தங்குமிடமும் யார் தருவது? இல்லறத்தார்தான். பதிலுக்குத் துறவி அவர்களுக்கு அறம் சொன்னார். துறவிக்குப் பெருவிரதங்கள் ஐந்து. இல்லறத்தாருக்கு அவற்றின் சிறு வடிவமான அணுவிரதங்கள் ஐந்து: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நாடாமை, பொருளாசைக்கு வரம்பு கட்டுதல். இவற்றோடு ஏழு சேர்ந்து விரதங்கள் பன்னிரண்டாயின.

அண்ணல் அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் சொன்ன ஒன்றை இங்கே நினைத்துக்கொள்வோம். பிக்குவாகச் சேர்வதற்குப் பௌத்தத்தில் தீட்சை இருந்தது. வீட்டில் இருந்தபடி தம்மத்தை ஏற்பவருக்குத் தனித் தீட்சை இருக்கவில்லை. பௌத்தம் இந்தியாவில் வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றார் அவர். சமணம் சிறிய அளவிலாவது தொடர்ந்து பிழைத்திருப்பதற்கு இல்லறத்தாரை இறுகக் கட்டிவைத்ததே காரணம் என்று ஆய்வாளர் பலரும் சொல்கிறார்கள். ஆகவே இல்லறத்தார் யார் என்ற கேள்வி ஒரு மதத்தின் உயிர் எங்கே இருந்தது என்ற கேள்வியும்கூட.

பாறையில் இருக்கும் பெயர்கள்

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம். அங்குள்ள தமிழ்பிராமி எழுத்துகளைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். நெடுஞ்செழியனின் பணியாளர் ஒருவர் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்ததை இன்னொன்று சொல்கிறது. அரசனின் ஆளும் கடைத்தெருவும் ஒரே பாறையில் நிற்கிறார்கள்.

அழகர்மலைக்குப் போனால் பட்டியல் நீள்கிறது. மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், பணித வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர். பணிதம் என்றால் வெல்லப்பாகு வகை, கொழு என்றால் ஏர்முனை இரும்பு, அறுவை என்றால் துணி. திருப்பரங்குன்றத்தில் எருகாட்டூரில் இருந்த ஈழத்துக் குடும்பிகன் ஒருவர். குடும்பிகன் என்றால் இல்லறத்தான், தோழர் சொன்ன சம்சாரி. கொங்கர்புளியங்குளத்தில் கூரை அமைத்துக் கொடுத்தவரின் பெயருக்கு முன்னால் வரும் ஒரு சொல்லுக்கு உபாசகன் என்று பொருள் கொள்கிறார்கள். வரிச்சியூரில் நூறு கலம் நெல். கரூர்ப் பக்கம் புகழூரில் சேர இளவரசனுக்கு அருகிலேயே கருவூர்ப் பொன் வாணிகர், எண்ணெய் வாணிகர், கீரன் கொற்றி என்ற பெண். ‘மதுரைக்காஞ்சி’யும் பூவும் புகையும் ஏந்தி வணங்கும் சாவகர்களைக் காட்டுகிறது.

வடக்கே மதுராவிலும் இதே காட்சி. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் அங்கே சமணத் தானங்கள் செய்தவர்களில் கணிகை வசு இருக்கிறார். கூத்தரின் மனைவி ஒருவர் இருக்கிறார். சரஸ்வதி சிலை செய்வித்த கோவா என்ற கருமான் இருக்கிறார்.

இந்தப் பட்டியலைச் சமூகவியல் கண்ணோடு படிக்கும்போது முதலில் படுவது ஒன்று உண்டு. ஊர், தொழில், பெயர், கொடுத்த பொருள் என்று நான்கும் சேர்ந்தே ஒரு மனிதர். வருணம் சொல்லப்படவில்லை. உப்பு விற்றவர் உப்பு விற்றவராகவே நிற்கிறார். ‘தாழ்ந்தவர், ஆனாலும் நல்லவர்’ என்ற சான்றிதழ் யாருக்கும் எழுதப்படவில்லை. கணிகை என்பதை வசுவின் கல்வெட்டு மறைக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அதே சமயம் இந்தப் பாறையை நாம் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. இங்கே பெயர் வர வேண்டுமானால் கொடுப்பதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும். நூறு கலம் நெல் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. அந்த நெல்லை நட்டு, களையெடுத்து, அறுத்துக் களத்தில் அடித்தவர்களின் பெயர் இல்லை. உப்பு வணிகரின் பெயர் இருக்கிறது. உப்பளத்தில் கால் வெந்தவரின் பெயர் இல்லை. ஆதிச் சமணத்தின் இல்லறச் சமூகம் முதலில் கொடையாளர் சமூகம். அதன் வாசலில் சாதி கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கப்பட்டது.

ஏட்டில் இருந்த இரண்டு வாசல்கள்

சுவேதாம்பரர் ஆகமங்களில் இல்லறத்தாருக்கென்றே ஒரு நூல் உண்டு: ‘உபாசகதசா’. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் வல்லபியில் தொகுத்து முடிக்கப்பட்ட ஆகமங்களில் ஒன்று. தமிழகச் சமணம் பின்னாளில் திகம்பர வழியில் நின்றாலும், இல்லறத்தாரைப் பற்றிய பழைய எண்ணத்தை அறிய இது உதவும். மகாவீரரின் பத்து இல்லற அடியார்களின் கதை அது. முதல் அடியாரான ஆனந்தர் தன் சொத்துக்கு வரம்பு கட்டுகிறார். கோடிக்கணக்கில் பொன், நாற்பதாயிரம் மாடுகள், ஐந்நூறு ஏர். இதுதான் அவர் கட்டிய ‘வரம்பு’! மற்றவர்களும் செல்வர்களே.

அவர்களில் சத்தாலபுத்தர் என்ற குயவர் ஒருவர். அவரிடம் ஐந்நூறு பானைத் தொழிற்கூடங்கள். அவர் முதலில் ஆசீவகர்; எல்லாம் விதிப்படி நடக்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று நம்பியவர். மகாவீரர் அவரிடம் கேட்கிறார்: இந்தப் பானை முயற்சியால் ஆனதா, தானாக ஆனதா? ஒருவன் வந்து உன் பானைகளை உடைத்தால், உன் மனைவி அக்னிமித்திராவிடம் முறைகேடாக நடந்தால், விதி என்று விட்டுவிடுவாயா? விடமாட்டேன், தண்டிப்பேன் என்கிறார் குயவர். அங்கேயே விதிவாதம் உடைந்துவிடுகிறது. ‘எல்லாம் தலையெழுத்து’ என்று நம்மிடம் சொல்லும் எவரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அது.

இதே ஆகமங்களில் ‘உத்தராத்தியயனம்’ நூலின் பன்னிரண்டாம் இயல் அரிகேசபலன் என்பவரைப் பற்றியது. சண்டாளக் குடியில் பிறந்து துறவியானவர். வேள்வி நடக்கும் இடத்துக்குப் பிச்சைக்குப் போகிறார். பார்ப்பனர்கள் ஏசுகிறார்கள், அடிக்கிறார்கள். கடைசியில் அவருடைய தவத்தின் முன்னால் அவர்கள் பணிய வேண்டியதாகிறது. பிறப்பு பெரிதல்ல, தவமே பெரிது என்று அந்த இயல் பேசுகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். துறவிகளின் கதையில் சண்டாளர் இருக்கிறார். பத்து இல்லறத்தார் கதையில் ஒரு சண்டாளரும் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தால் துறவின் வாசல் திறக்கும். வீட்டோடு, மனைவி மக்களோடு, செய்யும் தொழிலோடு உள்ளே வர வேண்டுமானால் முதலில் விடுவதற்கு ஏதாவது சொத்து இருக்க வேண்டும். தோழரின் கேள்விக்கு ஏடு தரும் பதில் இது: நம் ஆள் சாமியாராக இருந்தார், சம்சாரியாக அவர் பெயர் எழுதப்படவில்லை.

கழுகுமலை

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகும் சாலையில் இருக்கிறது கழுகுமலை. கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், பராந்தக நெடுஞ்சடையன் காலத்தையொட்டி, பாறை முழுக்கத் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கினார்கள். கீழே வட்டெழுத்தில் இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்ற குறிப்புகள், ஏறத்தாழ நூறு.

அவற்றில் குரத்தியர், அதாவது பெண் துறவிகள், பலர். கன்னியாகுமரிப் பக்கத்துத் திருச்சாரணத்திலிருந்து வந்தவர்கள்கூட உண்டு. பெண் ஆசிரியருக்கு ஆண் மாணாக்கர் இருந்ததையும் அந்தக் கல் சொல்கிறது. இல்லறத்தாரில் தச்சர், வேட்கோவர், கொல்லர் இருக்கிறார்கள். மாங்குளத்தில் நிகமத்தார் கொடுத்தார்கள் என்றால், சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து இங்கே கைத்தொழிலாளர் கொடுக்கிறார்கள். நம் விருதுநகர் மாவட்டத்துக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளியும் இந்தக் காலத்தில் பெரிய நிலையம். அதைச் சேர்ந்த துறவிகளின் மாணாக்கர் பெயர்கள் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலையில் வெட்டப்பட்டிருக்கின்றன. தென்பாண்டி நாட்டில் பள்ளிகளும் மாணாக்கரும் கொடையாளரும் சேர்ந்த ஒரு வலைப்பின்னலே இருந்தது.

‘எனினும்’ நுழைந்த இடம்

கல் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஏடு வேறு திசையில் போனது. இல்லறத்தார் செய்யக் கூடாத தொழில்கள் என்று பதினைந்தைச் சமண நூல்கள் பட்டியலிட்டன. கரி சுடுவது, காட்டை வெட்டுவது, மண்ணைத் தோண்டிப் பிளப்பது, செக்கிலும் ஆலையிலும் அரைப்பது, ஏரி குளத்தை வற்றடிப்பது போன்றவை. உயிர்க்கொலை கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த பட்டியல்தான். ஆனால் கரி இல்லாமல் கொல்லர் இல்லை. செக்கு இல்லாமல் புகழூர் எண்ணெய் வாணிகர் இல்லை. அந்த வேலைகளை யாரோ செய்துகொண்டேதான் இருந்தார்கள். செய்தவர் பாவியானார். விளைந்ததை வாங்கிப் பயன்படுத்தியவர் விரதம் காத்தவரானார். அகிம்சை தொழிலை அளக்கும் கோலானபோது, அது சாதியை அளக்கும் கோலாகவும் மாறியது.

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்தில் ஜினசேனர் எழுதிய ‘ஆதிபுராணம்’ அடுத்த அடியை எடுத்துவைத்தது. முதல் தீர்த்தங்கரரே க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர் என்று பிரித்தார் என்றது. கைவினைஞரைத் தீண்டத்தக்கவர், தீண்டத்தகாதவர் என்று பிரித்து, தீண்டத்தகாதவரை ஊருக்கு வெளியே வைத்தது. பிறப்பு பெரிதல்ல என்று தொடங்கிய மரபு, தீண்டாமையைத் தன் ஏட்டிலேயே எழுதிக்கொண்டது.

இவற்றுக்கு நடுவே நம்மை நேராகத் தொடும் ஒரு செய்தி உண்டு. சமந்தபத்திரரின் ‘இரத்தினகரண்டகம்’ இல்லறத்தார் ஒழுக்கத்தைச் சொல்லும் வடமொழி நூல். நற்காட்சி உடையவன் மாதங்க உடலில் பிறந்தவனானாலும் சாம்பலுக்குள் கனலும் தணலைப் போன்றவன், தேவன் என்றே கொள்ளப்படுவான் என்கிறது அது. இந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது ‘அருங்கலச்செப்பு’. தமிழாசிரியர் அந்த இடத்துக்கு வந்தபோது மாதங்கன் என்ற வடசொல்லை வைக்கவில்லை. பறையன் மகன் எனினும் காட்சி உடையவனை இறைவன் என்று உணர வேண்டும் என்ற பொருளில் எழுதினார்.

இதைப் படித்து நாம் மகிழலாமா? மகிழலாம். பறையரை இறைவனோடு ஒரே மூச்சில் வைத்த வரி தமிழில் அதிகம் இல்லை. ஆனாலும் அந்த ‘எனினும்’ என்ற சொல்லில் நின்று யோசிக்க வேண்டும். பறையர் தாழ்ந்தவர் என்பதை ஏற்றுக்கொண்டால்தான் ‘எனினும்’ என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது. அழகர்மலையில் ‘உப்பு வணிகன் எனினும்’ என்று யாரும் எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் நாம் படிக்க வேண்டிய சமூக வரலாறு.

சமந்தபத்திரர் கொல்லாமை விரதத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதும் ஒரு மாதங்கனைத்தான். உரைக்கதைகளில் அவர் பெயர் யமபாலன். அரசனின் கொலைத்தொழிலாளி. சதுர்த்தசி நாளில் கொல்லமாட்டேன் என்று விரதம் பூண்டவர். அந்த நாளில் ஒருவனைக் கொல்லச் சொல்லி ஆணை வருகிறது. மறுக்கிறார். அரசன் அவரையும் நீரில் தள்ளச் சொல்கிறான். தெய்வம் காப்பாற்றுகிறது. நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் கொலைத்தொழிலை அவர் கையில் கொடுத்தது யார் என்று கதை கேட்கவில்லை. மற்ற நாட்களில் அவர் கொல்வதைத் தடுக்கும் வழியையும் அது தேடவில்லை. ஆணையிட்ட அரசனின் கை சுத்தம். நிறைவேற்றியவரின் கை தீட்டு. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்த பிறகும் இறக்கிவிடுகிறவர்கள் சுத்தமாக இருக்கும் நாட்டில், யமபாலன் பழைய கதையாகத் தோன்றவில்லை.

சாவகர்கள் எங்கே போனார்கள்?

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று புராணம் சொல்கிறது. அது நடந்ததா இல்லையா என்று நெடுநாளாக விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் துறவிகளையே எண்ணுகிறது. தச்சரும் வேட்கோவரும் கொல்லரும் எங்கே போனார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

அவர்கள் எங்கும் போயிருக்க மாட்டார்கள் என்றே நாம் நினைக்கிறோம். துறவிகள் இல்லாமல் போன பிறகும் அதே ஊரில் அதே தொழிலோடு இருந்திருப்பார்கள். கும்பிடும் சாமி மாறியிருக்கும். சமணர்மலையில் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கும் குகைக்கு மக்கள் வைத்த பெயர் செட்டிப்புடவு. அவரைச் செட்டியார் என்றே பார்த்தார்கள். மலையடிவாரத்தில் இன்று அய்யனார் கோயில். வடக்கே வந்தவாசி, திண்டிவனம் பக்கம் தமிழ்ச் சமணர்கள் உழவர்களாக, நயினார்களாக, மேல்சித்தாமூர் மடத்தோடு இன்றும் வாழ்கிறார்கள். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. அந்த நூலின் சமணச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமண இல்லறத்தாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அவர்கள் சமயத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் ஒரு சாதியைப் போல ஆகித்தான் காப்பாற்ற முடிந்தது.

பக்தி இயக்கம் இந்த இல்லறத்தாருக்கு என்ன கொடுத்தது? ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை நாம் அறிவோம். வைணவம் திருப்பாணாழ்வாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதாகக் கதை சொல்கிறது; சைவம் நந்தனாரைத் தீயில் இறக்கி உள்ளே சேர்த்தது. இரண்டும் அதே ‘எனினும்’. ஒருவர் உள்ளே போனார், அவருடைய தெரு வெளியிலேயே நின்றது. 1895-இல் அதே கழுகுமலை அடிவாரத்தில் தேர்வீதியில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா என்ற தகராறு கலவரமாகி உயிர்கள் போயின. மேலே பாறையில் தச்சர், குயவர் பெயர்கள் ஆயிரம் ஆண்டாக அப்படியே இருந்தன. கீழே இருந்தவர்களுக்கு அந்த வட்டெழுத்தைப் படிக்கத் தெரியவில்லை.

நம் பட்டியல்

1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாக்பூரில் அம்பேத்கர் செய்தது என்ன என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கான மக்கள் குடும்பம் குடும்பமாகத் தீட்சை பெற்றார்கள். யாரும் வீட்டை விட்டு வரவில்லை. யாரும் பள்ளி கட்டக் காசு கொண்டுவரவில்லை. இருபத்திரண்டு உறுதிமொழிகளை வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான். துறவியாக ஒருவரை மட்டும் ஏற்பது, கொடையாளியாகப் பணம் உள்ளவரை மட்டும் ஏற்பது, ‘எனினும்’ போட்டு விதிவிலக்காக ஏற்பது ஆகிய மூன்று பழைய வழிகளையும் அவர் ஒரே நாளில் தள்ளிவிட்டார். சம்சாரியைச் சம்சாரியாகவே, தெருவைத் தெருவாகவே உள்ளே அழைத்தார்.

அப்படியானால் நம் முன்னோர் சமணர்தான் என்று பெருமை பேசுவதற்காக நாம் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டியதில்லை. சமத்துவம் பேசிய ஓர் இயக்கத்துக்குள் படிநிலை எப்படி, எந்தச் சொல்லின் வழியாக நுழைந்தது என்று தெரிந்துகொள்ளப் படிக்க வேண்டும். நம் அமைப்புகளிலும் அந்தச் சொல் நுழையும். ‘பெண் எனினும் நன்றாகப் பேசுகிறார்’ என்று நம் மேடையில் ஒருவர் சொல்லும்போது அது நுழைகிறது. ‘அருந்ததியர் எனினும் படித்தவர்’ என்று நம்மிலேயே ஒருவர் சொல்லும்போது நுழைகிறது. நன்கொடை தந்தவர் பெயரை அழைப்பிதழில் பெரிதாகவும், நாற்காலி அடுக்கியவர் பெயரை எங்கும் போடாமலும் விடும்போது, அழகர்மலைப் பட்டியலின் குறையை நாமும் திரும்பச் செய்கிறோம்.

மாணவர்களுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, இந்தக் கோடையில் வட்டெழுத்து கற்றுக்கொண்டு கழுகுமலைக்குப் போங்கள். தச்சர், கொல்லர், வேட்கோவர் பெயர்களை நீங்களே படித்து எழுதி வாருங்கள். இரண்டாவது, நம் பகுதியின் பஞ்சாலைகளில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்களில், நகராட்சித் துப்புரவுப் பணியில் இருந்துகொண்டு படிப்பகம் நடத்தியவர்கள், வழக்குக்குப் பணம் திரட்டியவர்கள், ஊர்வலத்துக்குச் சோறு பொங்கியவர்கள் பெயர்களைத் தெருத்தெருவாகக் கேட்டு எழுதுங்கள். ஊர், தொழில், பெயர், கொடுத்தது என்ற பழைய நான்கு வரிசையே போதும். பொருள் கொடுக்க இல்லாதவர் கொடுத்த நேரத்தையும் உழைப்பையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலின் முதல் பெயராக நம் தோழரின் பெயரை எழுதலாம். பக்கத்தில் பஞ்சாலைத் தொழிலாளி, சம்சாரி என்று போட்டால் போதும்.

ஜெய் பீம்.